செங்காந்தளுக்குப் பச்சை போர்டு

சங்கவியின் அம்மாவுக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கிய அதே நாளில்தான் எனக்கு மெமோ வந்தது.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். மடியில் சீப்பு. சீப்பில் முடி, தலையணையில் முடி, தோளில் முடி. வாராமலேயே வந்துகொண்டிருந்தது. சங்கவி குனிந்து குனிந்து ஒவ்வொரு கற்றையாகப் பொறுக்கி, பழம் வாங்கி வந்த கேரி பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளிக்கூட யூனிபார்மிலேயே இருந்தாள். வேறு நல்ல துணி இல்லை போலிருக்கிறது.

எதற்கு இதைச் சேர்க்கிறாய் என்று கேட்டேன். அஞ்சலைதான் சொன்னார்:

"முடிக்காரன் வந்தான்னா ஒரு குண்டான் குடுப்பான் டீச்சர். எடுத்து வெய்யிடின்னேன். இவ்ளோ முடி எனுக்கு இருந்திச்சுன்னு இப்பதான் தெரியுது."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பைக்குள் மெமோ இருந்தது. பள்ளி வளாகத்தில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நச்சுச் செடிகளை வளர்த்ததற்கு உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாராவது படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வருகிறது. அதைத் துடைத்துவிட்டு எழுத என்னால் ஆகவில்லை.

வேலி

எங்கள் பள்ளிக்கூடம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பேர் வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஏறி கச்சிராயபாளையம் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் கல்வராயன் மலையும் கூடவே ஓடி வரும். விடிந்ததும் நீலமாக இருக்கும். பிரேயர் பெல் அடிக்கும்போது சாம்பலாகிவிடும். மழை இறங்குகிற நாளில் மலையே இருக்காது. யாரோ இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போனது போல வானம் மட்டும் தொங்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரவள்ளி. மரவள்ளி முடிந்தால் கரும்பு. கரும்பு முடிந்தால் மறுபடியும் மரவள்ளி.

பள்ளிக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், முன்னால் இருந்த ஏதோ ஒரு எச்.எம். காலத்தில் காட்டாமணக்குப் போத்துகளை வெட்டி நட்டு வேலி ஆக்கிவிட்டார்கள். செலவு இல்லை. ஆடு வாய் வைக்காது. ஆடு ஏன் வாய் வைக்காது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இன்டர்வெல்லில் பிள்ளைகள் அந்த வேலியில்தான் இருப்பார்கள். இலைக் காம்பை ஒடித்தால் பால் வரும். புல்லை வளையமாக்கி அதில் தோய்த்து ஊதினால் குமிழ் பறக்கும். குமிழுக்குள் வானவில் ஓடும், மலை ஓடும், ஊதுகிறவன் முகமே தலைகீழாக ஓடும். அவ்வளவு அழகான விளையாட்டை விஷத்தை வைத்துத்தான் ஆடினார்கள். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் ஒரு கூட்டம் குமிழோடு நிற்காமல் காயை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டது. வேர்க்கடலை மாதிரியே இருந்ததாம். மத்தியானத்துக்குள் வராந்தா முழுக்க வாந்தி. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஹெல்த் சென்டருக்கு ஓடினோம். சாயங்காலம் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் பிரேயரில் எச்.எம். கண்டதைத் தின்னக் கூடாது என்று கால் மணி நேரம் பேசினார். எதைத் தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. திருக்கோவிலூரில் சொந்த வீடு; கணக்கு வாத்தியாராக இருந்து பிரமோஷனில் வந்தவர். கெட்டவர் இல்லை. பிரச்சினை வரக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

நான் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எனக்குக் கொடுங்கள், விஷச் செடிகளைப் பற்றி எல்லா வகுப்புக்கும் சொல்லிவிடுகிறேன் என்றேன். விஷம் என்கிற வார்த்தை பள்ளிக்கூடத்தில் வேண்டாமே, "தவிர்க்க வேண்டிய தாவரங்கள்" என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றார். சரி என்றேன். வகுப்புக்குப் போய் விஷம் என்றுதான் சொன்னேன்.

மரவள்ளி

முதல் வகுப்பில், உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷச் செடியின் பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஊமத்தை, அரளி, எருக்கு என்று வரும் என்று நினைத்தேன். இரண்டாவது பெஞ்சில் சங்கவி எழுந்தாள்.

"மரவள்ளி டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அந்த ஊரே அதைத்தான் நடுகிறது, பிடுங்குகிறது, அவித்துத் தின்கிறது, லாரியில் ஏற்றி, ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு அனுப்புகிறது. பின் பெஞ்சில் ஒருத்தன், "அப்ப நேத்து நீ தின்னது இன்னா?" என்றான். சங்கவி உட்காரவில்லை.

"வாடுன தழைய தின்னுட்டு எங்க ஆடு ரெண்டு வவுறு ஊதி செத்துப் பூடுச்சு டீச்சர். கெழங்கு எங்குளுக்கு சோறு, தழ ஆட்டுக்கு விஷம். ஒரே செடிதான். எங்கம்மா சொல்லிச்சு."

புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். நான் நடத்த நினைத்த பாடத்தை அவள் நடத்தி முடித்துவிட்டாள். நல்ல செடி, கெட்ட செடி என்று இரண்டு ஜாதி கிடையாது. எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு, எப்படிச் சமைத்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பெண் மீது எனக்கு ஒரு கண். அவளுக்கும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என்றால் உயிர். அஞ்சலை மரவள்ளி பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர். அப்பா இல்லை. சீசனில் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கு வருவதா மரவள்ளிக் கொல்லைக்கு வேலைக்குப் போவதா என்று தாய்க்கும் மகளுக்கும் வாரா வாரம் சண்டை. தெருவுக்கே கேட்கும் சண்டை. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும்.

பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் போட வேண்டும் என்று அப்போது ஒரு சர்க்குலர் வந்தது. கிணற்றடியில் பாத்தி கட்டினோம். துளசி, ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி. அதன் பக்கத்திலேயே எட்டிப் பறிக்க முடியாதபடி கம்பி கட்டி இன்னொரு பாத்தி. ஊமத்தை, அரளி, எருக்கு, குன்றிமணிக் கொடி, செங்காந்தள். பிள்ளைகள் வழியில் பார்க்கிறவைதான் எல்லாம். பார்க்கிறதை அடையாளம் தெரிந்து பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். சத்துணவுக்கூடத்து எண்ணெய் டின்களை வெட்டித் தகர போர்டு செய்தோம். மூலிகைக்குப் பச்சை. விஷத்துக்குச் சிவப்பு, மேலே மண்டை ஓடு. "செவப்புன்னா நில்லு, பச்சைன்னா கிள்ளு" என்று பிள்ளைகளே பாட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு விஷயங்களை அடித்து அடித்துச் சொன்னேன். தெரியாததை வாயில் வைக்காதே. யாராவது தின்றுவிட்டால் அந்தச் செடியையே கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு, டாக்டருக்குப் பேர் தெரிந்தால்தான் வைத்தியம் ஓடும்.

மூன்றாவதாக ஒன்று சொன்னேன். அது திட்டமிட்டுச் சொன்னதில்லை. நர்சரியில் தூதுவளை என்று கொடுத்த ஒரு நாற்று வளர்ந்த பிறகு பார்த்தால் கண்டங்கத்திரி. பிள்ளைகள் முன்னாலேயே போர்டைப் பிடுங்கி வேறு போர்டு வைத்தேன். டீச்சரே தப்பு பண்ணிட்டாங்க என்று ஒரு சலசலப்பு. திரும்பி, "தப்புன்னு தெரிஞ்சா மாத்தணும். அறிவியல் தன்னத்தானே திருத்திக்கும். அதான் அதுக்கு மரியாதை" என்றேன்.

சங்கவி அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உதடு அசைந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஷீல்டு

நல்ல தோட்டத்துக்கு ஷீல்டு கொடுக்கப் போவதாகவும், பெரிய ஆபீசர் ஒருவர் விசிட் வரப் போவதாகவும் தகவல் வந்தது. அந்த வாரம் என்னை உளுந்தூர்பேட்டையில் ஒரு டிரெய்னிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். புரொஜெக்டரில் படம் காட்டிக் காட்டி, செயல்வழியாகக் கற்பிப்பது எப்படி என்று உட்காரவைத்துச் சொன்னார்கள். லாரி ஹாரன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தேன். தோட்டம் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. எல்லா போர்டும் பச்சை.

ஒன்று விடாமல் பச்சை. அரளிக்குப் பச்சை, ஊமத்தைக்குப் பச்சை. செங்காந்தளுக்கு மட்டும் கூடுதல் கவனம் எடுத்து எழுதியிருந்தார்கள்: "செங்காந்தள். நமது மாநில மலர். மூட்டு வலிக்கு மருந்து." மண்டை ஓடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தாமரைப் பூ. சுற்றியிருந்த கம்பியையும் காணோம், போட்டோவுக்கு மறைக்கிறதாம். கொடியில் நான்கைந்து பூக்கள் மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போகவே பயமாக இருந்தது.

எச்.எம். அறைக்குப் போனேன்.

"மாநில மலருக்குப் போய் மண்டை ஓடு போட்டு வெச்சிருக்கீங்களே டீச்சர். வர்றவரு பார்த்தா என்ன நெனப்பாரு? கவர்மென்டையே கிண்டல் பண்றோம்னு ஆயிடாது?"

"அது விஷம் சார். கிழங்குல ஒரு துண்டு போதும்."

"மருந்துன்னும் போட்டிருக்கான். நான் செல்லுல பார்த்துட்டுதான் எழுதச் சொன்னேன்."

"மருந்துக் கம்பெனிக்காரன் பிரிச்சு எடுத்து அளந்து குடுக்கறான் சார். பசங்க நோண்டித் தின்னா செத்துடுவாங்க."

"யாரு நோண்டித் திங்கப் போறா? அதான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீங்க கிளாஸ் எடுத்துட்டீங்களே. பசங்களுக்குத் தெரியும். வர்றவருக்குத்தான் தெரியாது. விசிட் முடியட்டும், மறுநாளே செவப்பு அடிக்கச் சொல்றேன். போங்க."

விசிட் அந்த வாரம் இல்லை. அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் அமைச்சர் யாரோ வருகிறார், ஆபீசர் அங்கே போய்விட்டார். அதற்கடுத்த வாரம் மழை. விசிட் தள்ளித் தள்ளிப் போனது, பச்சை காய்ந்து கெட்டியானது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வராத ஆபீசருக்காகத்தான் நாங்கள் ஜாஸ்தி நாள் காத்திருப்போம்.

என்னால் ஆனதைச் செய்தேன். செங்காந்தள் கொடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினேன். மறுநாள் அது இல்லை. ஒவ்வொரு வகுப்பாகப் போய், போர்டை நம்பாதீர்கள், பெயிண்ட் தப்பு, விசிட் முடிந்ததும் மாறும் என்று சொன்னேன். ஆறாம் வகுப்பு, ஏழு, எட்டு, பத்து. ஒன்பதாம் வகுப்பில் சொல்லும்போது இரண்டாவது பெஞ்சில் இடம் காலியாக இருந்தது. சங்கவி எங்கே என்றேன்.

"மரவள்ளி புடுங்கப் பூட்டா டீச்சர். அவுங்கம்மாக்கு முட்டி வீங்கினுகீது. அதுக்கு பதுலா இவ போறா."

அம்மாவின் முட்டிக்குப் பதில் மகளின் முட்டி. சரி, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த வகுப்புக்குப் போனேன்.

கஷாயம்

அவள் ஒரே ஒரு நாள் வந்தாள். அன்று நான் இல்லை; வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போட்டிருந்தார்கள். வெயிலில் வீடு வீடாகப் போய், செத்தவர்கள் பேரை நீக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். சிவப்பாக இருந்த போர்டு பச்சையாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். வாசித்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் யாராவதாக இருந்தால், என்ன இது, போன மாதம் விஷம், இந்த மாதம் மருந்தா என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் யோசிக்கிற பெண். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள்:

"நீங்க மாத்தி வெச்சிருக்கீங்கன்னா கண்டுபுடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் டீச்சர். தூதுவளைக்கு மாத்துனீங்களே, அது மாதிரி."

கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. ஒரு துண்டை உடைத்து டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனாள். கஷாயம் வைத்தாள். அஞ்சலைக்கு அந்தப் பூவைத் தெரியும். கண்வலிப் பூ, பார்த்தாலே கண் நோகும் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூவை யார் காட்டினார்கள்? டம்ளரில் இருந்தது தண்ணீர் நிறக் கஷாயம். டீச்சர் தோட்டத்து மருந்து என்று மகள் சொன்னாள். கசப்பு தாங்காமல் பாதியைக் கீழே ஊற்றிவிட்டாராம் அஞ்சலை. அந்தப் பாதிதான் அவரைக் காப்பாற்றியது.

பாதி மட்டும் என்று சொல்லக் கூடாது. மகளும் காப்பாற்றினாள். விடியற்காலையில் வாந்தியும் பேதியும் நிற்காமல் போனதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு பைக்கில் அம்மாவை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் மிச்சக் கிழங்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் சொன்ன இரண்டாவது விஷயம். டியூட்டி டாக்டர் என்னிடமே சொன்னார்:

"இந்தப் பொண்ணு கிழங்கைக் கொண்டாந்து காட்டலைன்னா நாங்க சாதா வயித்துப்போக்குன்னு ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டு இருந்திருப்போம். யாரு சொல்லிக் குடுத்தாங்க இவளுக்கு?"

நான்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குள் அதே கிழங்கு வேறு கதையாகிவிட்டிருந்தது. விஷ கேஸ் என்றால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வந்தது. கையில் விஷத்தோடு வந்த பெண் என்று எழுதிக்கொண்டது. ஊருக்கு அது போதும். பள்ளிக்கு விடாத அம்மாவை மகளே தீர்த்துக்கட்டப் பார்த்தாள் என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். தெருவே கேட்ட சண்டை இருந்ததே, அது சாட்சிக்கு வந்தது.

பத்து நாள் கழித்து அஞ்சலைக்கு முடி கொட்டியது. அந்தக் கிழங்கின் வேலை அது. உயிரை எடுக்காமல் விட்டுப் போகும்போது முடியைக் கேட்கும்.

விசாரணை

மெமோவுக்கு நான் பதில் எழுதினேன். பிறகு நேரில் விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். மரியாதையான மனிதர். எனக்கும் நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார். என் வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு எண்ணம் எனக்குள் வந்துவிட்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்தப் பெண் அறிந்து செய்யவில்லை, பள்ளிக்கூடம் எழுதி வைத்திருந்ததை நம்பிச் செய்தாள் என்று பேப்பரில் வர வேண்டும். வந்தால் போலீஸும் விடும், ஊரும் வாயை மூடும், அவள் மறுபடி இரண்டாவது பெஞ்சுக்கு வருவாள்.

எச்.எம். முன்கூட்டியே ஒரு ஸ்டேட்மென்ட் தயாராக வைத்திருந்தார். மாணவி தோட்டத்தில் அனுமதியின்றி நுழைந்து விளையாட்டாகக் கிழங்கைத் தோண்டி எடுத்தாள் என்று இருந்தது. போர்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. போர்டுகளும் தோட்டத்தில் இல்லை. சம்பவம் நடந்த மறுநாளே பிடுங்கி ஸ்டோர் ரூமில் பழைய பெஞ்சுகளுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். நான் போய் செங்காந்தள் போர்டை இழுத்து வந்தேன். ஆபீசரின் மேசை மேல் வைத்தேன். பீரோ சாவியால் தாமரைப் பூவைச் சுரண்டினேன்.

பச்சை செதில் செதிலாக வந்தது. அடியில் சிவப்பு. இன்னும் சுரண்டினேன். மண்டை ஓட்டின் ஒரு கண் தெரிந்தது.

எச்.எம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், விரலை வைத்துத் தடவினார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்துட்டேன் டீச்சர். நீங்க சொல்றது பொய் இல்ல. ஆனா அடியில என்ன பெயிண்ட் இருந்துச்சுன்னு நான் எழுத முடியாது. மேல இருக்கறதைத்தான் எழுத முடியும். மேல பச்சை. பச்சை போர்டு வெச்ச தோட்டத்துக்கு இன்சார்ஜ் நீங்க."

"அந்தப் பொண்ணு, சார்?"

"மாணவியின் கவனக்குறைவுன்னு போட்டுடறேன். கேஸ் ஆகாது. அதுக்கு மேல என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

டீ ஆறிப்போயிருந்தது. கவனக்குறைவு. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஜாஸ்தி கவனம் உள்ள பெண்ணுக்கு அந்த வார்த்தையைப் போட்டு பைலை மூடினார்கள்.

பிறகு ஜே.சி.பி. வந்தது. விஷப் பாத்தி, மூலிகைப் பாத்தி இரண்டையும் ஒரே வாளியில் அள்ளியது. அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட் கணக்குக்குப் போனது. இடத்தைச் சமப்படுத்தி, நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாங்கி வரிசையாக வைத்தார்கள். ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக, எல்லாக் காலத்திலும் பூக்கிற செடி. ஹைவேயில் நடுவே வைத்திருக்கிறார்களே, அதே அரளி. போர்டு இல்லை. கடைசியில் அந்தப் பெரிய ஆபீசர் விசிட் வந்தார், அரளி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், ஷீல்டு கொடுத்தார். எச்.எம். அறையில் இருக்கிறது. காட்டாமணக்கு வேலி அப்படியே இருக்கிறது. காம்பவுண்டு சுவருக்கு இன்னும் பணம் வரவில்லை.

எனக்கு நிர்வாக நலன் கருதி மலை மேல் ஒரு பள்ளிக்கு டிரான்ஸ்பர் வந்தது.

காலி பெஞ்ச்

போவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அஞ்சலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். துண்டுக்கு வெளியே நாற்று முளைக்கிற மாதிரி முடி எட்டிப் பார்த்தது. வாசலில் மரவள்ளிக் குச்சிகள் கட்டுக் கட்டாக, அடுத்த நடவுக்கு. சங்கவி அதை ஒரு சாண் அளவுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரி. பள்ளிக்கு வா என்றேன். நான் போனாலும் மற்ற டீச்சர்கள் இருக்கிறார்கள், பத்தாவது முடித்துவிடு என்றேன். அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அஞ்சலைதான் பேசினார். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீங்க சொன்னத எம்பொண்ணு நம்புனா. அவ சொன்னத நான் நம்புனேன். நீங்களும் பொய் சொல்லல, அவளும் பொய் சொல்லல. அப்பறம் எப்டிங்க டீச்சர் எனுக்கு விஷம் வந்திச்சு?"

ஒரு டப்பா பெயிண்ட் என்று சொன்னேன். விசிட், ஷீல்டு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு உயிர் போகப் பார்த்ததற்குப் போதுமான காரணமாகத் தெரியவில்லை. அஞ்சலை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் எழுந்து தெருவுக்கு வந்தபோது சங்கவி பின்னால் வந்தாள்.

"திருத்திக்கும்னீங்களே டீச்சர். திருத்திகிச்சா?"

குத்தலாகக் கேட்கவில்லை. விடைத்தாள் திருத்தி வாங்கும்போது மார்க்கைப் பற்றிக் கேட்பாளே, அதே குரல். நான் இல்லை என்றேன். பொய் சொல்ல அந்த முகத்தின் முன்னால் முடியவில்லை. அவள் சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுக் குச்சி நறுக்கப் போனாள்.

இப்போது மலை மேல் இருக்கிறேன். கடுக்காய் மரத்தடியில் வகுப்பு. தண்டனைப் போஸ்டிங் என்று கீழே பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, நாங்கதான் உங்குளுக்குத் தண்டனையா டீச்சர் என்று கேட்டு என்னைக் கேலி செய்கிறார்கள். இங்கேயும் விஷச் செடிகள் நடத்துகிறேன். யாரையும் கேட்கவில்லை. போர்டு வைப்பதில்லை. செடியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இலையை, காயை, கிழங்கைப் பார்த்து அவர்களையே சொல்லச் சொல்கிறேன். நாளைக்கு யார் வந்து எந்தப் பெயிண்ட் அடித்தாலும் இலையின் நரம்பு மாறாது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது. யாராவது ஒருத்தர் போய்த் திருத்த வேண்டும். திருத்தியதை வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு எந்த பெஞ்ச் காலியாக இருந்ததோ அந்த வீடு வரைக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் வராத பிள்ளைதான் நீங்கள் போன வாரம் சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்.

இங்கே வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவே ஒரு மேடு, ஒரு ஓடை. பள்ளி விட்டதும் ஆப்சென்ட் ஆன பிள்ளைகளின் வீடுகளுக்கு நடக்கிறேன். அன்று நடத்தியதை வாசலில் நின்று சொல்லிவிட்டு வருகிறேன். மழை விட்டிருந்தால் திரும்பும் வழியில் கீழே சமவெளி தெரியும். மரவள்ளிக் கொல்லைகள் பச்சைப் பச்சையாக, பெயிண்ட் அடித்த தகரம் போல மினுங்கும். அதில் எங்கோ ஒரு இடத்தில் சங்கவி பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் அவள் பேரை இதற்குள் நீக்கியிருப்பார்கள். என் கணக்கில் அவள் இன்னும் ஆப்சென்ட்தான்.